கோபுரத்தின் வடக்கு முகம்

தலைநகரைச் சுற்றிக்காட்டும் பேருந்தில் அவள் ஒன்பது வருஷமாகக் கைடு. பாராளுமன்றம், பழைய அரண்மனை, அருங்காட்சியகம், ஆற்றுப்பாலம், பார்வைக் கோபுரம் என்று காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. எந்தத் திருப்பத்தில் வெயில் கண்ணில் அடிக்கும், எந்த இடத்தில் குழந்தைகள் ஒன்றுக்கு வருகிறது என்று ஆரம்பிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவள் கணவருக்கும் வேலை அந்தக் கோபுரத்தில்தான். உள்ளே அல்ல, வெளியே. அதன் கண்ணாடிகளைக் கழுவும் குழுவில் அவர்தான் மூத்தவர். கோபுரத்தின் உச்சியில் இரண்டு இரும்புக் கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றிலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் நீளமான இரும்புக் கூண்டை அந்த ஆட்கள் தொட்டில் என்பார்கள். தொட்டிலுக்கு இரண்டு பேர், முனைக்கு ஒருவர். சோப்புத்தண்ணீர் வாளி, தேய்க்கும் கட்டை, ரப்பர் பட்டை, இடுப்பு வார், அதில் மாட்டிய தனிக்கயிறு. பதினொரு வருஷமாக அவர் அதில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷமாக அவளுடைய தம்பியும் அதே குழுவில் இருந்தான். அக்கா வீட்டிலேயே பின்னறையில் தங்கியிருந்தான். ஆள் உயரம் என்பதால் எல்லோருக்கும் அவன் நெட்டையன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கணவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பாதி முகத்தில் நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தவர், "சரிங்க சார்" என்று மூன்று முறை சொன்னார். பிறகு நுரையைத் துடைக்காமலே சமையலறைக்கு வந்தார்.

"சூப்பர்வைசர்கிட்ட யாரு சொன்னது?"

அவள் வாணலியில் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நான்தான் சொன்னேன்."

"எப்ப?"

"நேத்து மத்தியானம். அருங்காட்சியகத்துப் படிக்கட்டுல உக்காந்து போன் பண்ணினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"மூணு வாரமா உங்ககிட்டதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"என் வேலையப் பத்தி இன்னொரு ஆள்கிட்ட வத்தி வச்சிருக்க."

"வத்தி வைக்கல. டாக்டர் சீட்டுல இருந்ததச் சொன்னேன். அதைச் சட்டைப் பையோட ஊறப்போட்டுத் துவைச்சா எழுத்து அழிஞ்சிடும்னு நினைச்சீங்க. அதுக்கு முன்னாலேயே எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு."

மூன்று முறை வந்திருந்தது அந்தத் தலைசுற்றல். முதல் முறை குளியலறையில். இரண்டாவது முறை கடைத்தெருவில், மேல் தட்டிலிருந்த டப்பாவைப் பார்க்க நிமிர்ந்தபோது, அப்படியே வெங்காய மூட்டை மேல் சாய்ந்துவிட்டார். மூன்றாவது முறை படுக்கையிலிருந்து எழும்போது. காதுக்குள் ஏதோ கோளாறு, மருந்தும் பயிற்சியுமாக மூன்று மாதத்தில் சரியாகிவிடும், அதுவரை உயரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கணவர் அடுத்த நாளே தொட்டிலில் ஏறினார். அதற்கடுத்த நாளும் ஏறினார்.

"இனிமே தரையில நின்னு வாக்கிடாக்கியில பேசணுமாம்," என்றார் அவர். "வாளிக்குத் தண்ணி ரொப்பணுமாம். பதினொரு வருஷத்துக்கு அப்புறம்."

"மூணு மாசம்தானே."

"உனக்கு மூணு மாசம்."

அப்போது தம்பி ஈரத்தலையோடு உள்ளே வந்தான். முகத்தில் ஒரு சிரிப்பை அடக்கி வைத்திருந்தான். அது அடங்குவதாக இல்லை.

"எனக்கும் போன் வந்துது மாமா. இன்னைக்கு வடக்கு முகம் நான்தானாம். உச்சியிலேர்ந்து."

அவள் கையிலிருந்த கரண்டி வாணலியிலேயே நின்றது. "நீயா? இருபதாவது மாடிக்கு மேல நீ போனதே இல்லையே."

"இன்னைக்குப் போறேன்."

"வேற யாராவது போகட்டும்."

"வேற யாருக்கா? மடந்தை அண்ணன் ஏற்கெனவே அந்தத் தொட்டில்ல இருக்காரு. அவருக்கு ஜோடி வேணும்ல. மாமா போகக் கூடாது. சரி. நானும் போகக் கூடாது. அப்ப யார் வீட்டு ஆளு போறது?"

கணவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லு," என்றார். "தம்பி கேக்கறான்ல."

முட்டையின் ஓரம் கருகி வாசம் வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். கணவர் தட்டைத் தொடாமல் போய்ச் சட்டையை மாட்டினார். தம்பி தன் பங்கு ரொட்டியையும் முட்டையையும் தின்றுவிட்டு மாமாவின் தட்டையும் இழுத்துக்கொண்டான். கிளம்பும்போது, "ஜன்னல் பக்கம் உக்காந்து கையாட்டுக்கா. நான் மேலேர்ந்து பார்க்கறேன்" என்றான்.

"வேலையப் பாரு," என்றாள் அவள்.

*

காலைச் சுற்றில் முப்பத்து நான்கு பேர். காற்று காலையிலேயே சரியில்லை. பாராளுமன்றத்தின் முன்னால் இறங்கியபோது கொடிகள் எல்லாம் ஒரு பக்கமாக விறைத்து நின்றன. கூட்டத்தில் குடையோடு வந்த ஓர் அம்மாள் வெயிலுக்கு அதை விரிக்க, அது தாமரை மாதிரி மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கண் வடக்கே, கட்டடங்களுக்கு மேலே தெரியும் கோபுரத்தின் நுனிக்குப் போய்விட்டுத் திரும்பியது.

அரண்மனையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அவளைத் திருத்தினார். "நீங்க சொல்றது ரெண்டாவது ராஜா பேரும்மா. கட்டினது அவரோட அப்பா." ஒன்பது வருஷமாகத் தப்பில்லாமல் சொல்லிவந்த விஷயம். அன்று வாய் மாறிப் போயிருந்தது.

"ஆமாங்க சார். அப்பாதான்."

அருங்காட்சியகத்தில் மக்கள் பழைய பீரங்கிகளைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் வெளியே வந்தாள். டிரைவர் அண்ணன் வண்டி நிழலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமும் அவருடைய வண்டிதான்.

"காலையிலேர்ந்து ஆளே சரியில்லையே," என்றார்.

அவள் சொன்னாள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டது, கணவர் பேசாமல் போனது, தம்பி மேலே ஏறியது, எல்லாம்.

"நீ பண்ணினது சரிதான்."

"நான் சும்மா இருந்திருந்தா அவர் போயிருப்பாரு. இப்ப நானே தம்பியை ஏத்திவிட்ட மாதிரி ஆயிடுச்சு அண்ணே."

"அவன் என்ன குழந்தையா? இருபத்தாறு வயசு. மொட்டை மாடியிலேர்ந்து இறங்கற மாதிரி இறங்கி வந்துடுவான்." சொல்லிவிட்டு அவரும் வானத்தைப் பார்த்தார். வடகிழக்கில் ஈயம் மாதிரி ஒரு மேகம் திரண்டிருந்தது. "இந்தக் காத்துக்கு இந்நேரம் இறக்கியிருப்பாங்க. அதுக்கெல்லாம் அளவு வச்சிருக்காங்கல்ல."

அளவு இருந்தது. காற்று ஒரு வேகத்தைத் தாண்டினால் தொட்டிலை இறக்க வேண்டும். பத்தே முக்காலுக்கு அது தாண்டியது. இறங்குங்கள் என்று கீழேயிருந்து சொல்லியும்விட்டார்கள். ஆனால் இது எதுவும் அப்போது அவளுக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதுதான்.

வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறியதும் கோபுரம் முழுதாகத் தெரியும். வழக்கமாக அவள் அந்த இடத்தில் மைக்கை வாயருகே கொண்டுபோய், "இப்ப உங்க வலது பக்கம் பாருங்க" என்பாள். அன்றும் அப்படியே சொன்னாள். முப்பத்து நான்கு தலைகளும் வலது பக்கம் திரும்பின.

"நூத்தி எண்பது மீட்டர் உயரம். நாற்பத்திரண்டு மாடி. மேலே..."

"அது என்னம்மா தொங்குது?" என்றாள் குடைக்கார அம்மாள்.

வடக்கு முகத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, தொட்டில் சாய்ந்து கிடந்தது. ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயுமாக, யாரோ சுவரில் மாட்டிய படம் ஆணி நழுவித் தொங்குகிற மாதிரி. காற்று அடிக்கும்போது அது கண்ணாடியிலிருந்து விலகி வெளியே வந்தது. பிறகு திரும்பிப் போய் இடித்தது. சத்தம் இவ்வளவு தூரம் கேட்கவில்லை. இரண்டு ஆரஞ்சுச் சட்டைகள் தெரிந்தன.

வண்டியில் எல்லோரும் எழுந்து வலது பக்கம் நெருக்கினார்கள். போன்கள் உயர்ந்தன. "அய்யய்யோ, ஆளு இருக்காங்கடா உள்ள," என்றது ஒரு குரல். "ஜூம் பண்ணு, ஜூம் பண்ணு," என்றது இன்னொன்று.

பாலத்தின் இறக்கத்தில் போலீஸ்காரர்கள் வண்டிகளை மறித்திருந்தார்கள். பேருந்து நின்றுவிட்டது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் கையில் மைக் அப்படியே இருந்தது.

"தயவுசெய்து படம் எடுக்காதீங்க," என்றாள் அவள். குரல் வழக்கமான குரல்தான். "அதுல இருக்கறது என் தம்பி."

ஒவ்வொரு போனாக இறங்கியது. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கோபுரத்தையும் பார்க்க முடியவில்லை, அவளையும் பார்க்க முடியவில்லை.

டிரைவர் அண்ணன் முன்கதவைத் திறந்தார். "நீ போம்மா."

"ஆளுங்கள..."

"நான் பார்த்துக்கறேன். இவங்க எங்கேயும் ஓடிட மாட்டாங்க. போ."

வாத்தியார் எழுந்து அவள் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கி வைத்தார்.

*

கோபுரத்தின் அடியில் கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அவள் கழுத்தில் தொங்கிய கைடு அட்டையைப் பார்த்துப் போலீஸ்காரர் உள்ளே விட்டுவிட்டார். என்ன அட்டை என்று படிக்கவில்லை. வடக்குப் பக்கத்துக் கல்தளத்தில் கணவரும் சூப்பர்வைசரும் நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போனால்தான் சண்டையில்லை, காற்றுக்கு மேலே பேசுகிறார்கள் என்று தெரியும். ஆனால் சண்டையும்தான்.

நடந்தது இதுதான். தொட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு காற்று அதை வெளியே இழுத்துப் போட்டது. மின்சார வயர் போய் அலங்கார விளக்கின் கொம்பில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. இடது மோட்டார் உடனே நின்றது. வலது மோட்டார் இன்னும் ஐந்தடி ஓடிவிட்டு நின்றது. சாய்ந்தால் இறுகிக்கொள்ளும் பூட்டு ஒன்று உண்டு. அது வலது பக்கம் இறுகிக்கொண்டது. இருவருக்கும் தனிக்கயிறு இருந்ததால் விழமாட்டார்கள். ஆனால் தொட்டில் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தது. மடந்தைக்குத் தோள்பட்டையில் அடி.

மடந்தை என்பது பேசாமடந்தையின் சுருக்கம். நாள் முழுக்கச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டார் என்பதால் குழுவில் வைத்த பெயர். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லாததால் நிலைத்துவிட்டது.

"உச்சியிலேர்ந்து கயிறுல இறங்கி நான் தொட்டிலுக்குள்ள போறேன் சார். பத்து நிமிஷம்," என்றார் கணவர்.

"முடியாது. தீயணைப்பு ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க."

"பாலத்துல நிக்கறாங்க. நீங்க பார்க்கலையா? அவங்க ஏணி எட்டாவது மாடி வரைக்கும்தான் எட்டும். மேகத்தைப் பாருங்க. இன்னும் அரை மணி நேரம். அப்புறம் அந்தத் தொட்டில் சுவத்துல அடிச்சே நொறுங்கிடும்."

"உங்களுக்குத் தலைசுத்தல்னு உங்க வீட்டம்மாவே சொல்லியிருக்காங்க. தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படி ஏத்தறது?"

அப்போதுதான் கணவர் அவளைப் பார்த்தார். இங்கே எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை.

"நீதானே ஆரம்பிச்ச," என்றார். "நீயே சொல்லு. இந்த ஆளு ஏறலாம், ஒண்ணும் ஆகாதுன்னு அவர்கிட்ட சொல்லு."

அவள் மேலே பார்த்தாள். தொட்டில் விலகி, போய், இடித்தது. இங்கே சத்தம் கேட்டது.

"மாட்டேன்," என்றாள்.

"அங்க தொங்கறது உன் தம்பி."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். நீங்க போகக் கூடாது. கீழேர்ந்து என்ன பண்ண முடியுமோ அதைப் பண்ணுங்க."

அவர் வாயைத் திறந்தபோது வாக்கிடாக்கி இரைந்தது.

"மாமா. மாமா, இருக்கீங்களா?" தம்பியின் குரலில் காலையின் சிரிப்பு எதுவும் இல்லை. "மடந்தை அண்ணனால இடது கையத் தூக்க முடியல. காத்து இன்னும் ஏறுது மாமா."

"இருக்கேன் மாப்ள. கேளு. பதறாத. மோட்டாருக்குப் பக்கத்துல ஒரு சிவப்புப் பிடி இருக்குல்ல. கரண்டு இல்லாதப்ப கையால இறக்கறதுக்கு."

"இருக்கு."

"உன்னோடத இப்பத் தொடாத. முதல்ல மேல இருக்கற முனை கொஞ்சம் கொஞ்சமா இறங்கி உன் மட்டத்துக்கு வரணும். வந்தா உன் பக்கப் பூட்டு தானா விட்டுடும். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பிடியை அமுக்கி விடணும், அமுக்கி விடணும். ஒருத்தர் முந்தினாலும் மறுபடி சாஞ்சுடும். இரு, எவ்வளவு சாஞ்சிருக்குன்னு பார்க்கறேன்."

அவர் அண்ணாந்து பார்த்தார்.

பார்த்தவர் ஒரு கையால் காற்றைப் பிடிக்கப் போனார். அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. அவள் ஓடி அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, இருவருமாகக் கல்தளத்தில் உட்கார்ந்தார்கள். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். நெற்றி வியர்த்துக் கொட்டியது. வாக்கிடாக்கியை மட்டும் விடவில்லை.

"சுத்துது," என்றார் மெதுவாக. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கோபுரமே சுத்துது."

சூப்பர்வைசர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அரை நிமிஷம் முன்னால் சரியென்று சொல்லியிருந்தால் என்ற கணக்கு அவர் மனதிலும் ஓடியிருக்க வேண்டும்.

"கண்ணைத் திறக்காதீங்க," என்றாள் அவள். "மேல பார்க்கறது நான். நீங்க சொல்றத நான் அவங்களுக்குச் சொல்றேன். குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் எழுந்து நின்றாள்.

"தம்பி. அக்கா பேசறேன்."

சற்று நேரம் வெறும் இரைச்சல். பிறகு, "அக்காவா? வண்டி?"

"பாலத்துல நிக்குது."

"கூட்டத்த அப்படியே விட்டுட்டு வந்துட்டியா? வேலை போயிடும்க்கா உனக்கு."

"முதல்ல நீ இறங்கு. அப்புறம் என் வேலையப் பத்திக் கவலைப்படலாம். மாமா பக்கத்துலதான் இருக்காரு. அவர் சொல்றதத்தான் சொல்லப் போறேன். மடந்தை அண்ணன்கிட்டக் கேளு, வலது கையால பிடியை அமுக்க முடியுமான்னு."

இரைச்சல். காற்று. அப்புறம் அவள் அதுவரை கேட்டிராத ஒரு குரல், கரகரவென்று:

"முடியும்."

கணவர் கண்ணை மூடியபடியே கேட்டார். "எந்த முனை எவ்வளவு மேல இருக்கு?"

"இடது முனை. ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"சுவத்துல அடிச்சு, வெளிய வந்து, நிதானமாகற நேரம் ஒண்ணு இருக்கும். அப்பத்தான் அமுக்கணும். ஒரு தடவைக்கு ஒரு சாண். மேல போகக் கூடாது. நேரம் நீதான் பார்த்துச் சொல்லணும்."

அவள் சொன்னாள். ஓடுகிற வண்டியில், திறந்த ஜன்னலில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே தினம் ஆறு மணி நேரம் பேசிப் பழகிய குரல். அது உடையாமல் போய்ச் சேர்ந்தது. "இருங்க அண்ணே. இருங்க. இப்ப. விடுங்க." இடது முனை ஒரு சாண் இறங்கியது. தொட்டில் போய் இடித்தது. "இருங்க. இருங்க. இப்ப. விடுங்க."

ஆறு முறை. ஏழாவது முறை ஓர் உலோகச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

"என்ன அது?" என்று பதறினாள்.

"பூட்டு விட்டுடுச்சு," என்றார் கணவர். மூடிய கண்ணோரம் ஈரமாக இருந்தது. "இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து. நீ எண்ணு."

முப்பத்தெட்டாவது மாடியிலிருந்து அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று என்றால் பிடியை அமுக்க வேண்டும், இரண்டு என்றால் விட வேண்டும். முப்பதாவது மாடியில் ஒரு காற்று வந்து தொட்டிலைச் சுழற்றப் பார்த்தது. "சுவத்துப் பக்கம் காலை நீட்டி உதைச்சுக்கோன்னு சொல்லு" என்றார் கணவர். சொன்னாள். இருபத்தாறில் வலது முனை முந்திக்கொண்டது. "தம்பி, நீ முந்தற. அண்ணன் ஒத்தைக் கையால பண்றாரு. அவருக்காக நில்லு."

"கை எரியுதுக்கா."

"எரியட்டும். ஒண்ணு."

"கொஞ்சம் இரு. ஒரே ஒரு நிமிஷம்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையை அசைக்காமல், "நிறுத்தாத. நின்னா கை விறைச்சுடும்" என்றார்.

"தம்பி, மாமா நிக்கக் கூடாதுங்கறாரு. ஒண்ணு."

"உங்க ரெண்டு பேருக்கும் எப்ப ஒத்துப்போச்சு? காலையில பேச்சே இல்ல," என்றான் தம்பி மூச்சு வாங்க. பிடியை அமுக்கினான்.

முதல் தூறல் இருபதாவது மாடியில் விழுந்தது. ஈரமான கண்ணாடியில் கால் வழுக்கும் என்று அவர் சொல்ல, அவள் சொன்னாள். அண்ணாந்தே நின்றதில் அவள் கழுத்து கல்லாகிவிட்டது. மழை நேராகக் கண்ணுக்குள் விழுந்தது. இமைத்தால் நேரம் தப்பிவிடும் என்று இமைக்காமல் நின்றாள். கணவர் எழுந்து, கண் மூடியபடியே அவள் முதுகுக்குப் பின்னால் வந்து, இரண்டு கையாலும் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டமும் அவளோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. சூப்பர்வைசர் ஓடிப்போய் அடக்கினார். அவள் குரல் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கைகூப்பினார்.

பதினான்காவது மாடியில் தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தது. எட்டாவது மாடியில் ஏணி தொட்டிலைத் தொட்டது.

*

மடந்தையைத்தான் முதலில் இறக்கினார்கள். தம்பி தானாகவே இறங்கினான். கீழே வந்ததும் கல்தளத்திலேயே உட்கார்ந்தான். கையுறையைக் கழற்றியபோது உள்ளங்கைத் தோலும் கொஞ்சம் அதோடு வந்தது. அவள் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே ஓங்கி ஓர் அறை விடலாமா என்றும் அவளுக்குத் தோன்றியது. யாரை அறைவது என்றுதான் தெரியவில்லை.

கணவர் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தார். இப்போது கண்ணைத் திறந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் காதுப் பயிற்சி, எத்தனை தடவை பண்ணணும்னு போட்டிருந்துது?"

"காலையில மூணு, ராத்திரி மூணு."

"ம்." பிறகு, "சீட்டு அழிஞ்சிடுச்சு. நீதான் சொல்லித்தரணும்" என்றார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் மடந்தையின் கையைக் கட்டித் தூக்குப்படுக்கையில் வைத்திருந்தார்கள். அவரைச் சுற்றி வீட்டு ஆள் என்று யாரும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு மணி நேரமாக அவள் எண்ணியது எல்லாம் தம்பிக்காகத்தான். தொட்டிலின் மறுமுனையில் ஒற்றைக் கையால் பிடியை அமுக்கிக்கொண்டிருந்தவருக்கு வீடு எங்கே, யார் இருக்கிறார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. இவருடைய இடத்துக்கும் நேற்று யாராவது ஆள் மாற்றச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

"வீட்டுக்குச் சொல்லியாச்சா அண்ணே?" என்று கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். சட்டைப் பையிலிருந்த போனைக் கண்ணால் காட்டினார். அவள் எடுத்தாள். அவர் ஒரு விரலால் எண்ணைத் தொட்டுக் கொடுத்தார்.

மறுமுனையில் ஒரு பெண். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

முதல் வார்த்தையிலேயே பயமுறுத்தக் கூடாது என்று அவள் யோசித்து வைத்திருந்தாள். "நான் உங்க வீட்டுக்காரரோட வேலை செய்யறவங்க வீட்டுலேர்ந்து பேசறேன். ஒண்ணும் பயமில்ல. அவர் நல்லபடியா கீழ இறங்கிட்டாரு."

மெஷின் நின்றது.

"எங்கேர்ந்து இறங்கினாரு?" என்றாள் அந்தப் பெண்.

அவளுக்குப் புரியவில்லை. "வேலையிலேர்ந்துங்க. தோள்பட்டையில மட்டும்..."

"அவருக்குக் கிடங்குலதானே வேலை. வாளி, சோப்பு எல்லாம் எண்ணிக் குடுக்கற வேலை. அங்க ஏது ஏறுறதும் இறங்கறதும்?"

அவள் மடந்தையைப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சொல்லாதே என்று தலையை லேசாக ஆட்டினார். மழைத்தண்ணீர் அவர் மீசையில் வழிந்தது. கணவரும் தூணை விட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றிருந்தார். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"கோபுரத்து மேலேர்ந்துங்க," என்றாள் அவள்.

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை வருஷமா?"

அவள் அந்தக் கேள்வியை மடந்தையிடம் கேட்டாள். அவர் நல்ல கையின் நான்கு விரல்களைக் காட்டினார்.

"நாலு வருஷமாங்க."

"போனை அவர் காதுல வைங்க."

அவள் வைத்தாள். மறுமுனையில் என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டி நின்றாள். ஆம்புலன்ஸ்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு, நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றார். மழை வலுத்தது. மடந்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ம்," என்றார். பிறகு, "ம்."

கடைசியில் அந்தக் கரகரப்பான குரல் வந்தது.

"சரி. இனிமே சொல்லிட்டுப் போறேன்."